பால் சி: 24 வயசுல போன மனுஷன், பேரே இல்லாம எத்தனை ரெக்கார்டுல இருக்கார்?

தூசிஊசி (இழையைத் தொடங்கியவர்)

இங்கிலாந்து எலக்ட்ரானிக் குழு பிராடிஜி 1997ல போட்டு உலகம் பூரா திட்டு வாங்கின 'ஸ்மேக் மை பிட்ச் அப்' பாட்டு ஞாபகம் இருக்கா? அதுல திரும்பத் திரும்ப ஒரு குரல் வருமே, அது பிராடிஜி ஆளுங்க குரல் இல்ல. நியூயார்க் ராப்பர் கூல் கீத். அவரோட குழு அல்ட்ராமேக்னடிக் எம்சீஸ் 1988ல 'கிரிட்டிகல் பீட்டவுன்'னு ஒரு ஆல்பம் போட்டாங்க. அதுல 'கிவ் தி டிரம்மர் சம்' பாட்டுலேருந்து வெட்டி எடுத்த குரல். கீத்தை எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரிஜினல் பாட்டைப் பண்ணிக் கொடுத்தவர் யாருன்னு கேட்டா பத்துல ஒன்பது பேர் முழிப்பாங்க.

பால் சி. முழுப்பேர் பால் மெக்கேஸ்டி. 1964ல பொறந்தவர், குயீன்ஸ்ல ரோஸ்டேல் ஏரியா. வெள்ளைக்கார வீட்டுப் பையன், முதல்ல ஒரு பேண்டுல பேஸ் கிட்டார் வாசிச்சிட்டு இருந்தார். அப்புறம் ஜமைக்காவுல 1212ன்னு ஒரு ஸ்டூடியோவுல ஒலிப்பதிவு இன்ஜினியரா உட்கார்ந்தார். (ஜமைக்கான்னதும் பாப் மார்லி ஊருக்குப் போயிடாதீங்க, இது குயீன்ஸ்ல இருக்கிற ஜமைக்கா.) அக்கம்பக்கத்து ராப் பசங்க காசு சேர்த்து, மணிக்கணக்குல வாடகை கொடுத்து டெமோ பண்ண வர்ற இடம். ரெண்டு மூணு வருஷத்துல, "டிரம்ஸ் நல்லா கேக்கணுமா, பால்கிட்ட போ"ங்கிற அளவுக்குப் பேர் வாங்கிட்டார்.

அவர் வேலை செஞ்ச ராப் ஆளுங்க: மைக்கி டி அண்ட் தி எல்.ஏ. போஸி, சூப்பர் லவர் சீ அண்ட் காஸனோவா ரட், அல்ட்ராமேக்னடிக், ஸ்டீஸோ. பின்னாடி ஆர்கனைஸ்ட் கன்ஃப்யூஷன்னு பேர் மாத்திக்கிட்ட ரெண்டு பசங்களோட முதல் டெமோ. கடைசியா எரிக் பி அண்ட் ராகிம். அதாவது அந்தக் காலத்துல ராப்ல உச்சத்துல இருந்த ஆள் இவரைத் தேடி வர்ற நிலைமை.

1989 ஜூலை 17. ரோஸ்டேல் வீட்டுல சுட்டுக் கொன்னுட்டாங்க. வயசு 24. இன்னிக்கு வரைக்கும் அந்தக் கொலைக்கு யாருக்கும் தண்டனை கிடையாது.

அடுத்த வருஷம் எரிக் பி அண்ட் ராகிமோட 'லெட் த ரிதம் ஹிட் எம்' ஆல்பம் வெளிவந்துச்சு. பால் ஆரம்பிச்சு வெச்சிட்டுப் போன வேலை. தயாரிப்புன்னு போட்ட இடத்துல அவர் பேர் இல்ல.

நான் கேக்கிறது இதுதான். ஹிப் ஹாப் புரொடியூசர் ஜே டில்லாவுக்குச் சிலை வைக்காத குறையா கொண்டாடறோம். நியாயம்தான். டில்லாவுக்குப் பல வருஷம் முன்னாடியே சாம்பிளர்ல (பழைய ரெக்கார்டுலேருந்து சத்தத்தை வெட்டி எடுத்து வாசிக்கிற மெஷின்) வித்தை காட்டின இந்த ஆளை ஏன் பேசவே மாட்டேங்கிறோம்?

---

சிங்கிள்டீ

யாரு சாமி இது, சத்தியமா இன்னிக்குத்தான் பேர் கேள்விப்படறேன். அந்த பிராடிஜி விஷயம் செம. காலேஜ்ல ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்.

---

மொட்டைமாடி

சின்ன வயசுல போனவங்கன்னு பேச்செடுத்தா எனக்கு ஜப்பான் புரொடியூசர் நுஜாபெஸ்தான். அவர் இசை வர்ற 'சாமுராய் சாம்ப்ளூ' அனிமே பார்த்துட்டு மூணு நாள் தூக்கம் வரல. 2010ல டோக்கியோவுல கார் விபத்து, 36 வயசு. அவரும் டில்லாவும் பொறந்தது ஒரே நாள், 1974 பிப்ரவரி 7. இதைப் படிச்சப்ப புல்லரிச்சுது.

---

தூசிஊசி

@மொட்டைமாடி நுஜாபெஸ் மேல எனக்கும் பிரியம் உண்டு தம்பி. ஆனா அவரைக் கேக்காத ஆளே இல்லையே, படிக்கும்போது பின்னாடி ஓடற பாட்டுன்னாலே அவர் சாயல்தான். அவருக்குத் தனி இழை இருக்கு, அங்க வாங்க பேசலாம். இங்க பேச வந்தது, தன் பேர்ல ஒரு முழு ஆல்பம்கூட இல்லாம போன ஆளைப் பத்தி.

---

கறார்பேர்வழி

இந்த மாதிரி இழை வருஷத்துக்கு ஒண்ணு வருது. செத்தவருக்குப் புகழ் கூடிக்கிட்டே போகும், உயிரோட இருக்கிறவன் கணக்குல வரமாட்டான்.

'கிரிட்டிகல் பீட்டவுன்' ஆல்பத்தோட தயாரிப்பு பெரும்பாலும் அந்தக் குழுவோட செட் ஜீ. பிராங்க்ஸ்காரர். எஸ்பி-1200ங்கிற சாம்பிளரை அவர் வீட்டுலயே வெச்சிருந்தவர். பூகி டவுன் புரொடக்ஷன்ஸோட 'கிரிமினல் மைண்டட்' ஆல்பத்துலயும் அவர் கை இருக்கு, அங்க அவருக்கும் சரியான கிரெடிட் கிடைக்கல. அவரைப் பத்தி இழை எங்க? பால் சி அந்த ஆல்பத்துக்கு இன்ஜினியர், ஒரு பாட்டுக்குத் தயாரிப்பாளர். அவ்வளவுதான் ரெக்கார்டு சொல்லுது. மத்ததெல்லாம் பழைய ரெக்கார்டு பொறுக்கற ஆளுங்க கட்டின கதை. அதுல கொலை வேற, துப்பு வேற கிடைக்கல, கேக்கவா வேணும்.

---

லூப்பன்

@கறார்பேர்வழி செட் ஜீ விஷயம் நூத்துக்கு நூறு. ஆனா "இன்ஜினியர், அவ்வளவுதான்"னு தள்ளிட முடியாது. நானும் வீட்டுல ஒரு பழைய சாம்பிளர் வெச்சு ராத்திரி ராத்திரி மல்லுக்கட்டறவன்கிற முறையில சொல்றேன்.

எஸ்பி-1200 வந்தது 1987ல. மொத்த மெமரி 10 செகண்டு. பத்து நிமிஷம் இல்லைங்க, பத்து செகண்டு. அதுலயும் ஒரு சத்தத்துக்கு அதிகபட்சம் இரண்டரை செகண்டு. ஒலித்தரமும் கம்மி, 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ் சொச்சம். இதுக்குள்ளதான் ஒரு முழுப்பாட்டோட டிரம்ஸ், பேஸ், ஹார்ன் எல்லாத்தையும் அடைக்கணும். அதனால எல்லாரும் ஒரு திருட்டு வேலை பண்ணுவாங்க. நிமிஷத்துக்கு 33 சுத்து ஓட வேண்டிய எல்பியை 45 சுத்துல ஓடவிட்டு வேகமா உள்ள ஏத்திட்டு, மெஷின்ல சுருதியைக் கீழ இறக்கிக்குவாங்க. இடம் மிச்சம். அப்படி இறக்கும்போது ஒரு கரகரப்பு சேரும். அந்தக் காலத்து ரெக்கார்டுல கேக்கிற மண்வாசனை பாதி அதுதான்.

அந்த மெஷின் எல்லார்கிட்டயும் இருந்துச்சு. பால் சி பேர் ஏன் வருதுன்னா, உள்ள ஏத்தறதுக்கு முன்னாடியே அவர் ஒரு வேலை பண்ணுவார். பழைய ஸ்டீரியோ ரெக்கார்டுல இடது பக்கம் ஒரு வாத்தியம், வலது பக்கம் ஒரு வாத்தியம்னு பிரிச்சுப் போட்டிருப்பாங்க. ரெண்டையும் சேர்த்து எடுக்காம, ஒரு பக்கத்தை மட்டும் எடுப்பார். மேல ஹார்னும் பியானோவும் கூடி அடிக்கிற இடத்துலேருந்துகூட டிரம்ஸை மட்டும் உருவிடலாம். 'கிவ் தி டிரம்மர் சம்' அப்படி வந்ததுதான். டீ ஃபெலிஸ் டிரையோன்னு ஒரு ஜாஸ் குழு. ஜேம்ஸ் பிரவுனோட 'தேர் வாஸ் எ டைம்' பாட்டை அவங்க வாசிச்ச ரெக்கார்டுலேருந்து எடுத்தார். மத்தவங்க "இதுல டிரம்ஸ் தனியா வரவே இல்லையே"ன்னு மூடி வெச்ச ரெக்கார்டு.

---

சிங்கிள்டீ

லூப்பன் பாஸ், கொஞ்சம் எங்களுக்கும் புரியற மாதிரி. இந்த சாம்பிளர் ஆளுங்க சொல்ற "சாப் பண்றது", "லூப் பண்றது" ரெண்டும் ஒண்ணுதானே?

---

லூப்பன்

இல்ல. பூக்கடையில ரெண்டு முழம் மல்லிச்சரம் வாங்கி அப்படியே தலையில வெச்சா அது லூப். அதே சரத்தைப் பிரிச்சு உதிரியாக்கி, நடுநடுவுல கனகாம்பரம், மரிக்கொழுந்து வெச்சு உங்க கணக்குக்குத் திரும்பக் கட்டினா அது சாப். பூ கடைக்காரரோடது. கட்டு உங்களோடது.

சாப்னா, டிரம்ஸ்ல கிக், ஸ்னேர், ஹை-ஹேட்னு தனித்தனி அடியை ஒவ்வொண்ணா உதிர்த்து எட்டு பட்டன்ல வெச்சு விரலால புதுசா வாசிக்கிறது. இதை பால் சிதான் கண்டுபிடிச்சார்னு நான் சொல்ல மாட்டேன். ராப் புரொடியூசர் மார்லி மார்ல் 80கள் நடுவுலேயே ஒரு ரெக்கார்டு ஸ்னேரை தனியா எடுத்து வாசிக்க ஆரம்பிச்சிட்டார். செட் ஜீயும் பண்ணினார். பால் சி அதைச் சுத்தமா, ஒட்டு தெரியாம பண்ணினவர். ஒட்டின இடம் தெரியவே தெரியாது.

அந்த ஒரு பக்க விஷயத்துக்கு இன்னும் சுலபமா சொல்லணும்னா, இயர்போன்ல ஒரு காது செத்துப்போனா பழைய பாட்டுல பாதி வாத்தியம் காணாம போகும் பாருங்க, அதேதான். நாமெல்லாம் புது இயர்போன் வாங்க ஓடுவோம். அந்த ஆள் அதையே தொழிலாக்கிட்டார்.

---

சிங்கிள்டீ

அட! என் இடது காது செத்து நாலு மாசம் ஆகுது. நான் புரொடியூசர்னு எனக்கே தெரியாம இருந்திருக்கேன்.

---

ஸ்காபரோகுளிர்

வணக்கம். கனநாளைக்குப் பிறகு இங்க எழுதுறன். பால் சியைப் பற்றிக் கதைச்சுப்போட்டு லார்ஜ் புரொஃபசரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை எண்டது எனக்கு விளங்கேல்லை. அதுதானே முழுக்கதையும்!

மெயின் சோர்ஸ் எண்ட குழு. அதில கே-கட், சர் ஸ்க்ராட்ச் எண்ட அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எங்கட டொராண்டோவோட தொடர்புள்ள ஆக்கள், அதால எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருக்கு. மூண்டாவது ஆள் லார்ஜ் புரொஃபசர், அப்ப பள்ளிக்கூடப் பெடியன். அவை ஒலிப்பதிவுக்கு 1212க்குப் போன இடத்திலதான் பால் சியைச் சந்திக்கிறது. எஸ்பி-1200ஐ எப்பிடிக் கையாளுறது எண்டு அந்தப் பெடியனுக்குச் சொல்லிக் குடுத்தது அவர்தான். காசு வாங்கிப் பதிவு செய்யிற இன்ஜினியருக்கு அதுக்கு ஒரு தேவையும் இல்லை. தன்ர தொழில் ரகசியத்தைப் பதினாறு பதினேழு வயசுப் பெடியனுக்கு ஆர் காட்டுவினம் சொல்லுங்கோ?

பால் செத்தாப் பிறகு ராகிமின்ர வேலையைத் தொடர அந்தப் பெடியனைத்தான் கூப்பிட்டவை. அவன் அந்த ஸ்டூடியோ நேரத்துக்குள்ள என்ன செய்தவன் தெரியுமே? எரிக் பி, ராகிம் காசு கட்டின நேரத்தில, இடைவெளி கிடைக்கேக்க, தன்ர சிநேகிதன் ஒருத்தனைக் கொண்டுவந்து டெமோ பதிஞ்சவன். அந்தச் சிநேகிதன்தான் நாஸ்.

---

மொட்டைமாடி

என்னது நாஸா!!!

---

ஸ்காபரோகுளிர்

ஓம் தம்பி, அந்த நாஸ்தான். 1991ல மெயின் சோர்ஸின்ர 'பிரேக்கிங் ஆட்டம்ஸ்' இசைத்தட்டில 'லைவ் அட் த பார்பிக்யூ'. நாஸின்ர குரலை உலகம் முதல் கேட்டது அதிலதான். 1994ல நாஸின்ர முதல் இசைத்தட்டு 'இல்மேட்டிக்'. அதில லார்ஜ் புரொஃபசர் செய்தது மூண்டு பாட்டு: 'ஹாஃப்டைம்', 'ஒன் டைம் ஃபோர் யோர் மைண்ட்', 'இட் ஏன்ட் ஹார்ட் டு டெல்'.

இன்னொண்டு. லார்ஜ் புரொஃபசர் பிறகு மெயின் சோர்ஸை விட்டு விலகினவர். அவற்ர இடத்துக்கு மைக் பிடிக்க வந்தது ஆர் எண்டு நினைக்கிறியள்? மைக்கி டி. தூசிஊசி அண்ணை முதல் பதிவில சொன்ன அதே மைக்கி டி, பால் சியின்ர ஆரம்பகாலக் கூட்டாளி. சுத்திச் சுத்தி எல்லாம் ஒரு முற்றத்துக்குள்ளதான்.

---

தூசிஊசி

@ஸ்காபரோகுளிர் அண்ணே, நான் ரெண்டாவது பதிவுல எழுதலாம்னு பொத்தி வெச்சிருந்ததை நீங்களே போட்டு உடைச்சிட்டீங்க. பரவால்ல, என்னைவிட அழகா சொல்லிட்டீங்க. மைக்கி டி முடிச்சு எனக்கே தோணலை.

@கறார்பேர்வழி உங்க கேள்விக்கு என் பதில் இதுலதான் இருக்கு. ரெக்கார்டு அட்டையில இருக்கிறதை மட்டும் எண்ணினா பால் சி சின்ன ஆள்தான், ஒத்துக்கறேன். கையோட கைமாறின வித்தை எந்த அட்டையில அச்சாகும்?

அந்தக் காலத்துல இன்ஜினியருக்கும் புரொடியூசருக்கும் நடுவுல கோடே கிடையாது. ராப்பர் ஒரு ரெக்கார்டைக் கக்கத்துல இடுக்கிட்டு வருவார், "இந்த இடம் வேணும்"பார். அதை எடுத்து, வெட்டி, சரியா விழற மாதிரி அடுக்கி, கூட ஒரு பேஸ் சத்தமும் சேர்த்துக் கொடுக்கிறது மேஜைக்குப் பின்னாடி இருக்கிறவர். வெளிய வரும்போது அட்டையில தயாரிப்புன்னு குழுவோட பேர் இருக்கும். நம்ம சினிமாவுல 'இசை'ன்னு ஒரே ஒரு பேர் வருமே, ராத்திரி பூரா உட்கார்ந்து புரோகிராம் பண்ணின பையன் பேர் எங்க இருக்கும்? தேடினாலும் கிடைக்காது.

---

கறார்பேர்வழி

சரி, கைமாறின வித்தை விஷயத்துல நான் இறங்கி வர்றேன். லார்ஜ் புரொஃபசர் சங்கிலி பலமான சங்கிலிதான்.

ஆனா ஒண்ணு உறுத்துது. ஹிப் ஹாப் கறுப்பினப் பசங்களும் போர்ட்டோ ரிக்கோ பசங்களும் தெருவுல, பூங்காவுல கட்டி எழுப்பினது. அதுல "மறந்துபோன மேதை"ன்னு நாம தேடி எடுக்கிறது ஒரு வெள்ளைக்காரரை. அவர் பெருமையை ஏத்தும்போது, பக்கத்துல உட்கார்ந்து அதே மெஷினை அடிச்ச செட் ஜீயோட பெருமை தன்னால கொஞ்சம் இறங்குது. "அந்த ஆல்பத்தோட சத்தம் பால் சியால வந்தது"ன்னு எழுதினவங்க இருக்காங்க. அதைத்தான் எதிர்க்கிறேன். அந்த இன்ஜினியர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

---

ஜமைக்காஜங்ஷன்

இந்த இழையைப் பார்த்துட்டு எழுதாம இருக்க முடியல. நான் குயீன்ஸ்லதான் பதினோரு வருஷமா குப்பை கொட்டறேன், தினம் ஜமைக்கா ஸ்டேஷன்ல இறங்கி ரயில் மாறுற ஆள்.

கறார்பேர்வழி சொல்ற நிறப் பிரச்சினையைப் பேசணும்னா ரோஸ்டேலைப் பத்தித் தெரியணும். குயீன்ஸோட தென்கிழக்கு மூலை, கென்னடி விமான நிலையத்துக்குப் பக்கம். 1970கள்ல அது வெள்ளைக்காரங்க ஏரியா, கறுப்பினக் குடும்பங்க ஒண்ணு ரெண்டா வீடு வாங்கிக் குடியேற ஆரம்பிச்ச நேரம். பயங்கர எதிர்ப்பு. டிரினிடாட்லேருந்து வந்த ஒரு குடும்பத்து வீட்டுல குண்டு வெச்சாங்க. 1976ல பில் மோயர்ஸ் அதைப் பத்தி ஒரு ஆவணப்படமே எடுத்தார். அதுல தெருவுல நின்னு கத்தற சின்னப் பசங்களைப் பார்த்தா வயித்தைப் பிசையும். பால் மெக்கேஸ்டிக்கு அப்ப பதினொண்ணு பன்னெண்டு வயசு. அந்த ஏரியாவுல வளர்ந்த பையன் பத்து வருஷம் கழிச்சு ஜமைக்காவுல கறுப்பினப் பசங்களோட ராத்திரி பகலா உட்கார்ந்து டிரம்ஸ் வெட்டிட்டு இருந்தான். பெரிய புரட்சின்னெல்லாம் சொல்லல. சும்மா நடந்து வர்ற தூரம் இல்ல அது, அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன விஷயம். லார்ஜ் புரொஃபசர் படிச்சது ஃப்ளஷிங்ல ஜான் பவுன் உயர்நிலைப் பள்ளி. நம்ம ஆளுங்க நியூயார்க் வந்தா தவறாம போற பிள்ளையார் கோயில் இருக்கே, அது பவுன் தெருவுலதான். பள்ளி, தெரு ரெண்டும் அந்த ஜான் பவுன் பேருலதான். கோயில் கேண்டீன்ல தோசை சாப்பிட்டுட்டு வெளிய வரும்போதெல்லாம் எனக்கு 'பிரேக்கிங் ஆட்டம்ஸ்' ஞாபகம்தான். வீட்டம்மா திட்டுவா, சாமி ஞாபகம் வரலையான்னு.

---

தூசிஊசி

@ஜமைக்காஜங்ஷன் தெய்வமே, இதுக்குத்தான் இழை போட்டேன்.

@கறார்பேர்வழி நீங்க சொன்னதை மறுக்க மாட்டேன். முதல் பதிவுலயே செட் ஜீ பேரை நான் போட்டிருக்கணும். அல்ட்ராமேக்னடிக்னு குழுப் பேரோட தாண்டிட்டேன். நாம திட்டற தப்பையே நானும் பண்ணியிருக்கேன். திருத்தினா இழையோட போக்கு புரியாதுன்னு அப்படியே விடறேன்.

ஆனா அவரோட வேலை செஞ்சவங்க பக்கத்தையும் பாருங்க. பால் சி பேரை இத்தனை வருஷம் காப்பாத்தி வெச்சிருந்தது வெள்ளைக்கார விமர்சகர்கள் இல்ல. லார்ஜ் புரொஃபசர்தான் பேட்டிக்குப் பேட்டி அவர் பேரைச் சொல்லிட்டு வந்தார். 2013ல பால் சியைப் பத்தி ஒரு ஆவணப்படம் வந்துச்சு. அதுலயும் பேசறது கூட வேலை செஞ்ச பழைய ஆளுங்கதான்.

---

லூப்பன்

ஸ்டீஸோவை யாரும் தொடல. கனெக்டிகட்ல நியூ ஹேவன்காரர், ஈபிஎம்டிங்கிற ராப் குழுவுக்கு டான்ஸ் ஆடிட்டு இருந்தவர். 1989ல அவரோட 'கிரேஸி நாய்ஸ்' ஆல்பம், பால் சி அதுல இன்ஜினியர். 'இட்ஸ் மை டர்ன்'ல வர்ற டிரம்ஸ் ஸ்கல் ஸ்னாப்ஸ்ங்கிற குழுவோட 'இட்ஸ் எ நியூ டே' ரெக்கார்டு. அதுக்கப்புறம் 90கள் முழுக்க அந்த ஒரு டிரம்ஸை எடுக்காத ஆளே கிடையாது. கேட்டவுடனே "அட இதா"ம்பீங்க.

---

நெறியாளர்

பொதுவான குறிப்பு: கொலை வழக்கு பத்தி ரெண்டு பதிவை நீக்கியிருக்கேன். தண்டனை பெறாத ஒருத்தரைப் பேர் சொல்லிக் குற்றவாளின்னு எழுத வேண்டாம். இசை பேசுங்க, இழை நல்லா போகுது.

---

மொட்டைமாடி

எனக்கு வரிசை போட்டுக் கொடுங்க அண்ணே. எதுலேருந்து ஆரம்பிக்கிறது?

---

தூசிஊசி

முதல்ல சூப்பர் லவர் சீயோட 'டூ த ஜேம்ஸ்', 1987. பேர்லயே இருக்கு, ஜேம்ஸ் பிரவுனைப் பிரிச்சு மேய்ஞ்சது. அப்புறம் 'கிவ் தி டிரம்மர் சம்'. பிறகு 'லெட் த ரிதம் ஹிட் எம்' ஆல்பம் முழுசா, நடுவுல நிறுத்தாம. கடைசியா 'பிரேக்கிங் ஆட்டம்ஸ்'. நாலையும் ஒரே ராத்திரியில கேளுங்க, போன் ஸ்பீக்கர்ல கேட்டீங்கன்னா வீடு தேடி வந்து அடிப்பேன்.

---

கறார்பேர்வழி

கூடவே 'கிரிட்டிகல் பீட்டவுன்' முழு ஆல்பமும். செட் ஜீக்காக.

---

தூசிஊசி

செட் ஜீக்காக. 👍

---

சிங்கிள்டீ

ராத்திரி ரெண்டு மணி. 'கிவ் தி டிரம்மர் சம்' கேட்டுட்டு, அந்த டீ ஃபெலிஸ் டிரையோ ரெக்கார்டையும் தேடிப் பிடிச்சுட்டேன். முதல்ல என் செத்த இயர்போன்ல போட்டேன். அப்புறம் தம்பியோட நல்ல இயர்போனைத் திருடி, ஒரு காது மாத்தி ஒரு காது கழட்டிக் கழட்டிக் கேட்டேன்.

ஒரு பக்கம் ஜாஸ் கச்சேரி. இன்னொரு பக்கம் கழட்டினா அல்ட்ராமேக்னடிக் நிக்குது.

எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன். நீங்களே கழட்டிப் பாருங்க.